ஆளுக்கொரு வழி, எல்லோருக்கும் நெரிசல்: கேள்வி பதில்

நெட்வொர்க்கில் நெரிசல், வழித்தேர்வு, ஆட்டக் கோட்பாடு (ஒருவர் முடிவின் பலன் மற்றவர்கள் முடிவையும் பொறுத்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதம்) ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): பாக்கெட் போகும் வழிக்கும் ஆட்டக் கோட்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் சார்?

நெட்வொர்க்கில் தரவு பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகப் போகிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழியில் ஆகும் தாமதம், மற்றவர்கள் எந்த வழியில் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த நிலை வந்துவிட்டாலே அது ஓர் ஆட்டம்தான். சாலைப் போக்குவரத்தை ஆராய்ந்த வார்ட்ராப் 1952இல் இதன் சமநிலையை எழுதி வைத்தார்: பயன்பாட்டில் உள்ள எல்லா வழிகளிலும் பயண நேரம் ஒன்றாக இருக்கும், தனி ஒருவர் வழி மாறினால் அவருக்கு லாபம் இருக்காது. சமநிலை என்றதும் அது எல்லோருக்கும் நல்ல நிலை என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த கேள்வியே அதைக் காட்டும்.

கேள்வி: புதிதாக ஒரு லிங்க் (இரு இடங்களை நேரடியாக இணைக்கும் தடம்) போட்டால் நெட்வொர்க் மெதுவாகும் என்கிறார்களே, நம்பும்படியாக இல்லையே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்புவீர்கள். க என்ற இடத்திலிருந்து த என்ற இடத்துக்கு 100 பேர் தரவு அனுப்புகிறார்கள். ச வழியாகவும் போகலாம், ட வழியாகவும் போகலாம். க–ச, ட–த இரண்டும் சிறிய லிங்க்குகள். எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை மில்லிசெகண்ட் தாமதம். க–ட, ச–த இரண்டும் பெரியவை, ஆனால் நீளமானவை; கூட்டம் எப்படி இருந்தாலும் 100 மில்லிசெகண்ட். ஐம்பது ஐம்பதாகப் பிரிவார்கள். ஆளுக்கு 50 + 100, அதாவது 150.

இப்போது ச–ட இடையே தாமதமே இல்லாத ஒரு லிங்க் போடுங்கள். க–ச எவ்வளவு நெரிந்தாலும் 100ஐத் தாண்டாது, அதனால் க–ட வழியை யாரும் தொட மாட்டார்கள். அதே காரணத்தால் ச–த வழியும் காலியாகிவிடும். நூறு பேரும் க–ச–ட–த என்றே போவார்கள். ஆளுக்கு 200! பழைய வழிக்குத் தனியாகத் திரும்பிப் போனாலும் அதே 200தான், எனவே யாரும் திரும்புவதில்லை. ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரேஸ் 1968இல் வெளியிட்ட முரண் இது. கூடுதல் லிங்க் வாங்கப் பட்ஜெட் கேட்கும் முன்பு எல்லோரும் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

கேள்வி: அப்படியானால் சுயநலம் எந்த அளவுக்குக் கெடுக்கும்? எல்லை உண்டா?

உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. கட்டுப்பாடில்லாத சமநிலையில் ஆகும் மொத்தத் தாமதத்தை, திட்டமிட்டுப் பிரித்தால் ஆகும் மொத்தத் தாமதத்தால் வகுத்துப் பார்க்கும் அளவுகோலை 1999இல் குட்சூப்பியாஸும் பாப்பாடிமிட்ரியூவும் முன்வைத்தார்கள். கூட்டத்துக்கு ஏற்பத் தாமதம் நேர்கோடாக ஏறும் நெட்வொர்க் எதுவாக இருந்தாலும், அதன் வரைபடம் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், இந்த விகிதம் 4/3ஐத் தாண்டாது என்று ரஃப்கார்டனும் ஏவா டார்டோஷும் நிரூபித்தார்கள். மேலே 200ஐ 150ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 4/3.

நிஜ லிங்க்கில் தாமதம் நேர்கோடாக ஏறுவதில்லை. கொள்ளளவை நெருங்கும்போது திடீரென்று எகிறும், அங்கே விகிதம் எவ்வளவு வேண்டுமானாலும் மோசமாகலாம். ஆனால் ஒவ்வொரு லிங்க்கிலும் 10 சதவீதம் எப்போதும் காலியாக இருந்தால், பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் தாமதத்துக்கான வழக்கமான கணித மாதிரியில், விகிதம் சுமார் 2.1க்குள் அடங்கிவிடும். கொஞ்சம் இடம் விட்டு வைப்பது அவ்வளவு பெரிய வேலை செய்கிறது.

கேள்வி: எல்லா ரூட்டரும் அப்போதைய தாமதத்தைப் பார்த்து வழி மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் 1979இல் அதைத்தான் செய்தார்கள். சுமை குறைவாக இருந்தபோது நன்றாகவே ஓடியது. சுமை ஏறியதும் எல்லா ரூட்டரும் ஒரே நேரத்தில் நெரிந்த லிங்க்கை விட்டுக் காலியான லிங்க்குக்குத் தாவின, அது நெரிந்ததும் திரும்பத் தாவின. ஊசலாட்டம்தான் மிச்சம். 1987இல் அளவீட்டை மாற்றி, வழியைத் தேர்வு செய்ய ரூட்டர் கணக்கில் எடுக்கும் லிங்க்கின் ‘செலவு’ எவ்வளவு வேகமாக ஏறலாம், எவ்வளவு தூரம் ஏறலாம் என்று வரம்பு வைத்த பிறகே அடங்கியது.

கேள்வி (ஹாஸ்டல் நெட்வொர்க்கைக் கவனிப்பவர்): ஒரு மாணவர் டவுன்லோட் மேனேஜரில் பத்து இணைப்பு திறந்து மொத்த வேகத்தையும் எடுத்துக்கொள்கிறார். என்ன செய்வது?

டிசிபி (இணையத்தில் தரவு அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதிமுறை) ஆட்களை எண்ணாது, இணைப்புகளைத்தான் எண்ணும். ஒரே லிங்க்கில் அவருக்குப் பத்து, உங்களுக்கு ஒன்று என்றால் பதினொன்றில் பத்துப் பங்கு ஏறக்குறைய அவருக்குப் போய்விடும். புத்திமதி சொல்லிப் பயனில்லை, அவர் நிலையில் அது லாபமான ஆட்டம். விதியை மாற்றுங்கள்: ஆளுக்கு ஒரு பங்கு என்று ரூட்டரிலேயே பிரியுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் போட்ட ரூட்டர் என்றால் கேக் என்ற வரிசை முறை இதைச் செய்யும். அதன் பிறகு அவர் நூறு இணைப்பு திறந்தாலும் பங்கு கூடாது, தானாக விட்டுவிடுவார்.

கேள்வி: டிசிபி எதற்காகத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்? குறைக்காதவருக்குத்தானே லாபம்?

குறைக்காத காலம் ஒன்று இருந்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே, சுமார் 400 கஜத்தில், இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் பாக்கெட் தொலைய, தொலைந்ததை எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்ப, லிங்க் முழுக்கப் பழைய பாக்கெட்டுகளே ஓடின. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட திருத்தம்தான், பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை, பிறகு மெல்ல ஏற்று என்பது. அது இயங்குதளங்களுக்குள்ளேயே வந்துவிட்டதால் பெரும்பாலானோர் அதை மாற்ற முயல்வதில்லை. அந்த ஒழுங்கை மீறும் செயலிகளை எழுதுபவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் அவர்கள் எடுக்கும் வேகம் மற்றவர்கள் விட்டுக்கொடுத்தது.