அறிவியல் பட்டம் இல்லாமல் வணிக ரகசிய வழக்குகளை நடத்த முடியுமா?

கேள்வி: கோவையில் நான்கு ஆண்டுகளாக ஒரு சிவில் வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். பி.காம். முடித்துச் சட்டம் படித்தவள். வணிக ரகசியம், காப்புரிமை வழக்குகளில் ஈடுபட ஆசை. அறிவியல் பட்டம் வேண்டும், சென்னைக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் உண்மையில்லை, சகோதரி. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் தேவைப்படுவது காப்புரிமை முகவர் தேர்வுக்கு. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களை நடத்துகிறவர்களுக்கான தேர்வு அது. நீதிமன்றத்தில் வாதாட உங்கள் பார் கவுன்சில் பதிவு போதும்.

வணிக ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டமே இல்லை. ஒரு சட்டம் வேண்டும் என்று 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்போதைக்கு ஒப்பந்தமும், நம்பிக்கை மீறல் பற்றிய தீர்ப்புகளும்தான் துணை. ஆகவே வழக்கின் பாரம் முழுவதும் வழக்கறிஞர் மேல் விழுகிறது.

பம்ப்செட் தொழிற்சாலை முதலாளி ஒருவர் உங்களிடம் வருகிறார் என்று வையுங்கள். விலகிப்போன பொறியாளர் "எங்கள் தொழில்நுட்பத்தையே" எடுத்துப்போய்விட்டார் என்பார். அதை அப்படியே பிராதில் எழுதினால் தடை உத்தரவு கிடைக்காது. எந்த வரைபடம், எந்த அளவு, எந்த வார்ப்புக் கலவை, யார் யாருக்கு அது தெரியும், எங்கே பூட்டி வைத்திருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். வரைபடம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் கிடந்திருந்தால் அது ரகசியம் என்று நிலைநாட்டுவது மிகக் கடினம். அதை முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: ரகசியத்தை விவரித்து எழுதிய பிராதே எல்லோர் கைக்கும் போய்விடக்கூடாது. முத்திரையிட்ட உறையில் தாக்கல் செய்யவும், குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கவும் தொடக்கத்திலேயே அனுமதி கேளுங்கள்.

அமெரிக்காவில், கூகுள் குழுமத்தின் தானோட்டிக் கார் நிறுவனமான வேமோ, ஊபர் மீது தொடுத்த வழக்கைப் படியுங்கள். தானோட்டிக் கார் பற்றிய வழக்குதான். ஆனால் அதன் உயிர், முன்னாள் பொறியாளர் ஒருவர் விலகும் முன் பதிவிறக்கியதாகச் சொல்லப்பட்ட சுமார் 14,000 கோப்புகளின் கணினிப் பதிவிலும், ஒரு சப்ளையரிடமிருந்து தவறுதலாக வேமோவுக்கு வந்த மின்னஞ்சலிலும் இருந்தது. 2018 பிப்ரவரியில் விசாரணை தொடங்கிய வாரத்திலேயே ஊபர் தன் பங்குகளில் 0.34 சதவீதத்தைக் கொடுத்துச் சமரசமானது. ஆவணத்தைத் தேடி, தேதி வாரியாகக் கோத்து, குறுக்கு விசாரணையில் நிறுத்துவது சிவில் பக்கத்தில் நீங்கள் பழகி வரும் வேலைதான். மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்க வைக்கத் தேவைப்படும், பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழை மட்டும் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஊர் விஷயம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது. ஆனால் அந்த நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் அதிகாரம், அதாவது சிவில் வழக்கை நேரடியாக முதலில் விசாரிக்கும் அதிகாரம், பெரும்பாலும் சென்னை நகரத்துக்கு உட்பட்டது. கோவையில் எழும் வழக்கை மாவட்ட அளவிலான வணிக நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். காப்புரிமை வழக்கில் பிரதிவாதி காப்புரிமையையே ரத்து செய்யக் கோரினால்தான் அது உயர் நீதிமன்றத்துக்கு மாறும். பம்ப், வார்ப்பு, ஜவுளி இயந்திரம் எல்லாம் உங்களைச் சுற்றியே இருக்கும்போது ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும்?

ஒரு வேண்டுகோள். தொழிலாளி பக்கமும் வழக்கு நடத்துங்கள். ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்டபின் வேறிடத்தில் அதே தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லாது. இருந்தும் ரகசியத் திருட்டு என்று நோட்டீஸ் அனுப்பி, போலீஸ் புகார் கொடுத்து, இருபது வருட அனுபவத்தை ஒரு மனிதனிடமிருந்து பிடுங்கப் பார்ப்பவர்கள் உண்டு. கையில் இருக்கும் திறமை அவனுடையது; கம்பெனியின் வரைபடம்தான் கம்பெனியுடையது. அந்தக் கோட்டை நீதிபதி முன் தெளிவாக வரைந்து காட்ட இந்தத் துறைக்கு நல்ல வழக்கறிஞர்கள் வேண்டும்.

வருமானத்துக்கு இப்போதுள்ள சிவில் வழக்குகளை விட்டுவிடாதீர்கள். அடுத்து வரும் வணிக வழக்கில், இடைக்காலத் தடை மனுவின் முதல் வரைவை நானே எழுதுகிறேன் என்று உங்கள் சீனியரிடம் கேளுங்கள்.