குயிலாப்பாளையத்தில் வாடகைக்குப் போகலாமா? – பதில்

புதுச்சேரியில் வேலை, வீடு மட்டும் ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் பார்க்கலாமா, எட்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் அந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். டவுனுக்குப் பக்கம்தானே என்று பலர் இதை யோசிப்பதே இல்லை. முகவரியை மாற்றினால் ரேஷன் கார்டும் ஓட்டும் அந்தப் பக்கம் போய்விடும். நாளைக்கு மகளுக்கு சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) வழியாகப் புதுச்சேரி ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் வேண்டுமென்றால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். இதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

அங்கே பசுமை அதிகம் என்பது உண்மைதான். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த இடம் மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. இன்றைய காடு நட்டு வளர்த்தது. அதற்காகக் கூரைமேல் கிளை சாய்ந்திருக்கும் வீட்டை எடுக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அங்கே சாய்த்த மரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. புயல் போன பிறகும் கரன்ட் வரத் தாமதமாகும், இன்வெர்ட்டர் இருக்கட்டும்.

ஜனங்கள்? பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், வடநாட்டவர், ஊர்க்காரர் எல்லோரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். (ஆரோவில்வாசி ஆவது வேறு கதை, வாடகைக்கு இருப்பதால் அது கிடைக்காது.) கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தால் ஊர்க்காரர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள்.

தொல்லை என்றால் சனி, ஞாயிறு சுற்றுலா வண்டிகள்தான். வீட்டை ஞாயிறு சாயங்காலம் போய்ப் பாருங்கள். தரகர் திங்கட்கிழமை காலையில்தான் கூட்டிப்போகப் பார்ப்பார்.