போர் முடிஞ்சதும் மிச்சமான ஜீப், லாரியெல்லாம் கடல்ல தள்ளிட்டாங்களாமே, ஏழை நாடுகளுக்குச் சும்மா கொடுத்திருக்கலாமே?

இந்தக் கேள்வியை என் மருமகன்தான் வாட்ஸ்அப்ல அனுப்பினார், "மாமா உங்க சப்ஜெக்ட்"னு போட்டு. சரின்னு உள்ள வந்து பாத்தா ஏற்கெனவே பத்துப் பதினஞ்சு பதில், எல்லாத்துலயும் ஒரே பாட்டு. மூளை இல்லாத மிலிட்டரி, திமிர் பிடிச்ச அமெரிக்காக்காரன், மக்கள் வரிப்பணம். நான் 17 வருஷம் ராணுவத்துல ஈஎம்ஈ-ல (வண்டி, மெஷின் எல்லாம் ரிப்பேர் பாக்குற பிரிவு) வெஹிகிள் மெக்கானிக், அதுல கடைசி ஆறு வருஷம் வடக்க ஒரு டிப்போவுல (பேர் வேண்டாம்) ஓடாம நிக்கிற வண்டிகளைப் பாத்துக்கிற வேலை. அதனால கொஞ்சம் சூடாத்தான் எழுதுவேன், கோவிச்சுக்காதீங்க.

வனுவாட்டுன்னு பசிபிக் கடல்ல ஒரு தீவு நாடு, அங்க வண்டியைக் கடல்ல தள்ளுன கதையை வீடியோவுல பாத்துட்டுக் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். அதுல எஸ்பிரிட்டு சாண்டோன்னு ஒரு தீவு, 2ஆம் உலகப் போர்ல அமெரிக்காவோட பெரிய தளம். போர் முடிஞ்சதும் ஜீப், லாரி, புல்டோசர், கிரேன் எல்லாம் மலை மாதிரி மிச்சம். அப்போ அந்தத் தீவை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டாங்க, அவங்ககிட்ட "வாங்கிக்கிறீங்களா"ன்னு டாலருக்குச் சில சென்ட் கணக்குல கேட்டாங்க. இவங்க என்ன நினைச்சாங்கன்னா, எப்படியும் இங்கதானே விட்டுட்டுப் போகப்போறான், எதுக்குக் காசு. அமெரிக்காக்காரன் கடலுக்குள்ள ஒரு சாய்தளம் கட்டி வரிசையா வண்டியை ஓட்டி உள்ள இறக்கிட்டுப் போயிட்டான். இன்னைக்கும் மில்லியன் டாலர் பாயிண்ட்னு பேர், டைவிங் போறவங்க காசு கொடுத்துப் பாக்குறாங்க. இதுல திமிர் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா அடிமாட்டு விலைக்குக் கூட வாங்காம சும்மா வரும்னு காத்திருந்தவனை யாரும் திட்ட மாட்டேங்குறீங்களே, அதான் எனக்கு ஆத்திரம்.

கணக்கைப் பாருங்க. அந்தப் போர்ல வில்லிஸ், ஃபோர்டுன்னு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து செஞ்ச ஜீப் மட்டும் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம். ஜிஎம்சியோட ரெண்டரை டன் ஆறு வீல் லாரி 5 லட்சத்துக்கு மேல. இது பாதி உலகத்துல சிதறிக் கிடக்குது. திருப்பிக் கொண்டு போக கப்பல் வேணும், கப்பல்ல முதல்ல ஆளுங்க வீட்டுக்குப் போகணும். கொண்டு போய் இறக்கினா ஊர்ல புது வண்டி எவன் வாங்குவான், கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா. எல்லாத்தையும் கடல்லயும் தள்ளல, அதையும் சொல்லணும். பிலிப்பைன்ஸ்ல விட்டுட்டுப் போன ஜீப்பைத்தான் நீட்டி, பெயிண்ட் அடிச்சு ஜீப்னின்னு டவுன் பஸ்ஸா ஓட்டுனாங்க. வெளிநாட்டுல வித்த மிச்சச் சாமான் காசை வெச்சு 1946-ல ஒரு சட்டம் போட்டு ஆரம்பிச்சதுதான் ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப், நம்ம பசங்களும் அதுல போய்ப் படிச்சிருக்காங்க. பழைய லாரி வித்த காசுன்னு அவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ.

நம்ம ஊருக்கும் வந்துச்சு. அசாம், பர்மா பக்கம் சண்டைக்காக வந்த வண்டிங்க போர் முடிஞ்சு டிஸ்போசல்ல, அதாவது மிச்சச் சாமான் விற்பனையில போச்சு. டிஸ்போசல் ஜீப், டிஸ்போசல் லாரின்னு பெரியவங்க சொல்லுவாங்களே அதுதான். அதுக்குன்னே டெல்லியில டிபார்ட்மென்ட் இருந்துச்சு, பின்னாடி டிஜிஎஸ் அண்ட் டின்னு ஆச்சு, அதுல கடைசி 'டி' டிஸ்போசல்தான், 2017-லதான் மூடுனாங்க.

எங்கப்பா அப்படி ஒரு டிஸ்போசல் ஜீப்ல கிளீனராச் சேந்தவர். போடிக்கு மேல ஒரு ஏலத்தோட்ட முதலாளி வாங்கினது. அது லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். போடிமெட்டு ரோட்ல முன்னால ஒரு லாரி போனா டிரைவருக்கு எதிர்ல ஒண்ணும் தெரியாது, வலது பக்கம் உக்காந்திருக்கிற கிளீனர்தான் தலையை வெளிய நீட்டிப் பாத்து "வரலாம்ணே"ன்னு சொல்லணும். தப்பாச் சொன்னா ரெண்டு பேரும் பள்ளத்துல. அப்பாவுக்கு அப்போ 16 வயசு. ஆறு வோல்ட் பேட்டரி, ராத்திரியில லைட்டு சிம்னி விளக்கு மாதிரிதான் எரியும்பார். நான் சின்னப் பையனா இருந்தப்போ அந்த ஜீப் ஷெட்ல நின்னுச்சு, அப்பா ஒரு போல்ட்டைத் துணியால துடைச்சுக் காட்டினார், தலையில குட்டியா ஆங்கில எழுத்து 'எஃப்'. "வில்லிஸ்னு எல்லாரும் சொல்றாங்க, இது ஃபோர்டுடா, அவன் ஒவ்வொரு போல்ட்லயும் பேர் போட்டிருக்கான்". நான் மெக்கானிக் ஆனதுக்கு அந்தப் போல்ட்தான் காரணம்னு சொன்னா நம்புவீங்களா தெரியல.

இப்போ உங்க கேள்விக்கு வரேன், "பத்திரமா வெச்சிருந்து பின்னாடி கொடுத்திருக்கலாமே"ன்னு நிறைய பேர் கீழ கேட்டிருக்காங்க. வண்டியை வெச்சிருக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்டு ஸ்கூட்டரை ரெண்டு மாசம் போட்டுட்டு ஊருக்குப் போய்ட்டு வந்து கிக் பண்ணிப் பாருங்க. ஓடுற வண்டி பத்து வருஷத்துல கெடுறதை நிக்கிற வண்டி ரெண்டு மழையில கெட்டுரும். எங்க டிப்போவுல ஒரு வண்டி உள்ள வந்தா முதல்ல பேட்டரியைக் கழட்டணும். பெட்ரோலை வடிக்கணும், இல்லைன்னா கார்புரேட்டர்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும். வண்டியைத் தூக்கி ஆக்சிலுக்கு அடியில மரக்கட்டை கொடுக்கணும், டயர்ல வெயிட் விழக்கூடாது. பிளக்கைக் கழட்டி உள்ள ஆயில் விட்டு கையாலயே இன்ஜினைச் சுத்தி விடணும், இல்லைன்னா பிஸ்டன் ரிங் லைனரோட ஒட்டிக்கும். பிரேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும், வீல் சிலிண்டர் ஜாம் ஆகும். எலி வயரைத் தின்னும். பாவம்னு தார்ப்பாய் போட்டு மூடுனா அதைவிட மோசம், அடியில காத்து போகலைன்னா ஈரம் உள்ளயே நின்னு பாடி முழுக்க துரு. ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டணும். இதையெல்லாம் முறை வெச்சு ஒவ்வொரு வண்டிக்கும் மறுபடி மறுபடி செஞ்சுக்கிட்டே இருக்கணும். நாங்க ஆறு பேர், வண்டி முந்நூத்துச் சொச்சம். ஆபீஸ்ல புதுசா வந்த ஒரு கிளார்க் பையன் என்கிட்டயே கேட்டான், சும்மா நிக்கிற வண்டிக்கு ஆறு பேரான்னு. நான் ஒண்ணும் சொல்லல, சுபேதார் சாப் சொன்னதை இங்க எழுத முடியாது.

இன்னொண்ணு, புதுசா வர்ற வண்டியை வசதியா இருக்கேன்னு முன்னாடி நிறுத்துவாங்க, யூனிட்ல இருந்து வண்டி கேட்டா முன்னாடி நிக்கிறதைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. பின்வரிசையில நிக்கிறது ஒரு கிலோமீட்டர் கூட ஓடாம கிழவனாயிடும். மீட்டர்ல 40 கிலோமீட்டர் ஓடின ஒரு ஜோங்கா (ராணுவ ஜீப் மாதிரி வண்டி), பானட்டுக்கும் கிரில்லுக்கும் நடுவுல அரசங்கன்னு முளைச்சு வெளிய வந்திருந்ததை நானே வெட்டியிருக்கேன். அது மூணு வருஷமா "கண்டம்" பேப்பர்ல, அதாவது இனி உதவாதுன்னு கழிச்சுக் கட்டுற பேப்பர்ல, கையெழுத்துக்காக நின்ன வண்டி. கடல்ல தள்ளுனவன் சட்டுனு முடிச்சான், நாங்க அதையே மூணு வருஷம் சம்பளம் கொடுத்துச் செஞ்சோம். இதைச் சொன்னா தேசத்துரோகின்னு ஒருத்தர் வருவார், வாங்க சார், நானும் 17 வருஷம் யூனிஃபார்ம் போட்டவன்தான்.

விக்கிறதும் அவ்வளவு லேசு இல்ல. 2004-ல நானே ஒண்ணு ஏலத்துல எடுத்தேன். ஜோங்கா. தெரியாதவங்களுக்கு, நிசான் பேட்ரோல் மாடலை ஜபல்பூர்ல நம்ம ராணுவத்துக்காகவே செஞ்சது, ஆறு சிலிண்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட நாலு லிட்டர் இன்ஜின். ஏலத்துல ஒத்த வண்டி கொடுக்க மாட்டாங்க, லாட்டுதான், இருக்கிற இடத்துல இருக்கிற நிலையில. என் லாட்ல ஏழு வண்டி, அதுல நாலு வெறும் ஓடு. மீரட்டுக்காரர் ஒரு காயலான் கடை பாய் கூட பங்கு பேசிட்டேன், எனக்கு ஒண்ணு, அவருக்கு ஆறு. அவர் ஆளுங்க அங்கயே கேஸ் கட்டர் வெச்சு வெட்ட ஆரம்பிச்சாங்க. அதுல ஒண்ணு நான் மாசாமாசம் கையால சுத்தி விட்ட வண்டி, நம்பரைப் பாத்தவுடனே தெரிஞ்சுது. கியர் பாக்ஸைத் தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்தை எடை போட்டாங்க. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

என் வண்டியை லாரியில ஏத்தி ஊருக்குக் கொண்டு வந்தேன். அப்புறம்தான் கூத்து. ராணுவ வண்டிக்கு ஆர்சி புக் கிடையாது, ஏலத்துல கொடுக்கிற ரிலீஸ் பேப்பர்தான். அதை டைப் பண்ணின புண்ணியவான் சேசிஸ் நம்பர்ல ஒரு 8-ஐ 3-ன்னு அடிச்சுட்டான். நம்ம ஊர் போக்குவரத்து ஆபீஸ்ல "நம்பர் ஒத்துப்போகல, அங்க போய் திருத்திட்டு வாங்க". அங்க போனா "ஃபைல் குளோஸ் ஆயிடுச்சு". 14 மாசம். ரயில் செலவு மட்டும் வண்டி விலையில கால்வாசி. கடைசியில ரெண்டே வரி லெட்டர்ல முடிஞ்சுது.

சேசிஸ் நம்பர்ல ஒரே ஒரு எண்ணுக்கு இவ்வளவு பாக்குற கவர்மென்ட்ல, 1948-ல என்ன பண்ணாங்கன்னு தெரியுமா? அப்போதான் டிஸ்போசல்ல ஜீப்புங்க தோட்ட முதலாளிங்க கைக்கெல்லாம் போய்க்கிட்டு இருந்த நேரம். காஷ்மீர் சண்டை வந்துடுச்சு, ஜீப் வேணும். லண்டன்ல நம்ம ஹைகமிஷனர் வி. கே. கிருஷ்ண மேனன், முறையை எல்லாம் தாண்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோட 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்குனது 155 ஜீப், அதுவும் உதவாது. சுதந்திர இந்தியாவோட முதல் பெரிய ஊழல்னு இதைத்தான் சொல்லுவாங்க. 1955-ல கேஸை மூடுனாங்க, 1956-ல அவர் மந்திரி. வித்தவனே ஜீப் தேடி வெளிநாடு போன கதை இது. அவர் கெட்டிக்காரர், நல்லவர்னு சண்டைக்கு வர்றவங்க வரலாம், நான் ஜீப்பைப் பத்தி மட்டும்தான் பேசுறேன்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். இவ்வளவு வேலை தெரிஞ்சவன் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனா "ஐடிஐ சர்டிஃபிகேட் இருக்கா"ன்னு கேட்டாங்க. ராணுவத்துல கொடுத்த டிரேட் சர்டிஃபிகேட்டைக் காட்டினேன், அந்த மேனேஜர் தம்பி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அங்கிள், செக்யூரிட்டி வேகன்சி இருக்கு"ங்கிறான். எக்ஸ் சர்வீஸ்மேன்னா ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரத்தான் லாயக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் வேண்டாம்னுட்டு சொந்தமா ஷெட் போட்டேன், அது வேற கதை.

பர்மாவுல, அசாம்ல பெட்டியோட ஜீப் புதைச்சிருக்கு, எங்க தாத்தா பாத்தார்னு கமெண்ட்ல ரெண்டு பேர் போட்டிருக்காங்க. போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானம் புதைச்சிருக்குன்னு நம்பி 2013-ல ரங்கூன் பக்கம் தோண்டியே பாத்தாங்க, ஒண்ணும் கிடைக்கல. இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் மண்ணுக்குள்ள 80 வருஷம் ஈரத்துல கிடந்த வண்டி ஓடும்னு நம்பினா உங்க இஷ்டம்.

என் ஜோங்கா இப்போ மச்சான் மாந்தோப்புல ஷெட்ல நிக்குது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர், எங்க வீட்டம்மா அதுல ஏறி எட்டு வருஷம் ஆச்சு. ஆக்சிலுக்கு அடியில கட்டை கொடுத்திருக்கேன், தார்ப்பாய் ஓரம் தூக்கித்தான் கட்டியிருக்கேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணணும், நாளைக்கு அந்த நாள், பேட்டரியைச் சார்ஜ்ல போட்டுட்டுத்தான் இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். விலைக்குக் கிடைக்குமான்னு கேட்டு யாரும் மெசேஜ் போடாதீங்க.