வயிறு கேள்வி பதில்: பொங்கல், பால், மொச்சை, புளியங்கொட்டை

கேள்வி: அக்கா, நாலு இட்லி சாப்பிட்டால் பத்தரை மணிக்கே பசிக்கிறது. பொங்கலும் வடையும் என்றால் மத்தியானம் வரை மந்தம். ரெண்டிலும் அரிசி, பருப்புதானே?

பதில்: நெய்யையும் எண்ணெயையும் விட்டுவிட்டீர்களே! இரைப்பையின் கீழ்வாசலில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. உணவு 1–2 மில்லிமீட்டர் துணுக்காகக் கரைந்த பிறகுதான் அது வழிவிடும். இட்லியோ ஏற்கெனவே அரைத்து, புளித்து, வெந்து வருவது. கடைய அதிகம் இல்லை. பொங்கலில் உள்ள கொழுப்பு சிறுகுடலுக்குள் எட்டிப்பார்த்ததுமே அங்கே கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். "இங்கே வேலை முடியவில்லை, மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குப் போகிற தாக்கீது அது. வாசல் இறுகும், கடைவதும் மந்தமாகும். சாதாரணச் சாப்பாடு பெரும்பாலும் இறங்கிமுடிய 2 முதல் 4 மணி நேரம் ஆகும் என்றால், நெய் மிதக்கும் பொங்கல் அதையும் தாண்டும்.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போகுமாமே?

பதில்: ஒரு டம்ளர் தண்ணீருக்கெல்லாம் அசராது. இரைப்பை நீர் நாளுக்குச் சுமார் 2 லிட்டர் சுரக்கிறது, தேவைக்கேற்பச் சுரந்துகொண்டே இருக்கும். தண்ணீர் சோற்றுக்குக் காத்திராமல் முன்னாடியே இறங்கிவிடும். தாகமெடுத்தால் குடியுங்கள்.

கேள்வி: மேடம், பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது. மொச்சைக் குழம்பு என்றால் கேட்கவே வேண்டாம். என் வயிறு வீக்கா?

பதில்: பாவம், இரைப்பை மேல் பழி போடாதீர்கள். பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் இருக்கிறது. வளர்ந்த பிறகு நம்மில் பலருக்கு அது குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாவுக்கு விருந்து, உங்களுக்கு வாயு. தயிரில் உறை பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடுகிறது, மீதியை உடைக்கும் நொதியையும் கொண்டுவருகிறது. மொச்சையில் இருக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை உடைக்க யாருடைய குடலிலும் நொதி கிடையாது. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவிடுங்கள், கொஞ்சம் குறையும். பெருங்காயம்? மணத்துக்காகவாவது போடுங்கள்.

கேள்வி: பையன் புளியங்கொட்டையை விழுங்கிவிட்டான். வயிற்றில் மரம் முளைக்கும் என்று அவன் அண்ணன் பயமுறுத்துகிறான்.

பதில்: முளைக்காது. அதன் ஓடு செரிக்காமல் ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் சும்மா இருக்கக்கூடாது, கொட்டை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் கதையே வேறு: மலத்தில் வருமா என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.