தறி வீட்டுக்கு ஸ்விட்ச் 2 தாங்குமா?

சோமனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தம்பி அமெரிக்காவில், டாலஸில் இருக்கிறான். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் மெஷின் வாங்கி வரட்டுமா என்கிறான். பையனுக்கு 13, பாப்பாவுக்கு 9. வீட்டில் இருப்பது 32 இஞ்ச் பழைய டிவி. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். கரண்ட் அடிக்கடி போய் வரும். இவ்வளவு காசு போட்டு வாங்கினால் தாங்குமா? டிவியையும் மாற்ற வேண்டி வருமா?"

வாங்கி வரச் சொல்லுங்கள். டிவியை மாற்ற வேண்டாம். ஆனால் டிவியில் போட்டு ஆடும் மெஷின் என்று நினைத்து வாங்காதீர்கள். கையில் வைத்து ஆடும் மெஷின் என்று நினைத்து வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருந்தும்.

ஸ்விட்ச் 2 வெளியானது 2025 ஜூன் 5-ல். முதல் நான்கு நாளில் மட்டும் உலகம் முழுக்க 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. கோவையில் கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பவன் நான். இதை இரண்டு வாரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கையில் எடுத்ததும் முதலில் தெரிவது திரை. பழைய ஸ்விட்ச்சின் திரை 6.2 இஞ்ச், இதில் 7.9 இஞ்ச், 1080பி (படத்தின் தெளிவைச் சொல்லும் எண், கூடக் கூடத் தெளிவு). உங்கள் 32 இஞ்ச் டிவி பழையது என்றால் பெரும்பாலும் 720பி-யாகத்தான் இருக்கும். அதாவது கையில் தெரியும் படமே டிவியில் தெரிவதைவிடத் தெளிவு. கூட வரும் டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கும் தாங்கியில் செருகினால், அதைவிடத் தெளிவான 4கே வரை டிவிக்குப் போகும். அந்த வசதி டிவி மாற்றும் காலம் வரும்வரை சும்மா இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு குறையும் உண்டு. இது எல்சிடி திரை. வேகமாக ஓடும் காட்சிகளில் லேசாகப் படம் இழுக்கிறது. எனக்குக் கண்ணில் பட்டது. பிள்ளைகள் கவனிப்பார்களா என்றால், மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் இருக்கும் ஜாய்-கான்கள், அதாவது கழற்றக்கூடிய சின்னக் கன்ட்ரோலர்கள், இப்போது காந்தத்தில் ஒட்டுகின்றன. பழையதில் மேலிருந்து கீழே தள்ளிச் சொருக வேண்டும். இதில் பக்கத்தில் கொண்டுபோனாலே டக்கென்று பிடித்துக்கொள்கிறது. ஆளுக்கொன்று கழற்றிக் கொடுத்தால் மாரியோ கார்ட் மாதிரி ஆட்டத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே மெஷினில் பந்தயம் விடலாம், தனியாக இன்னொரு கன்ட்ரோலர் வாங்க வேண்டியதில்லை. ஜாய்-கானை மவுஸ் போலக் குப்புற வைத்தும் தேய்க்கலாம். மேசை இல்லாமல் வேட்டி கட்டிய தொடைமேல் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே நகர்ந்தது. எல்லாம் சேர்ந்து எடை அரைக்கிலோவுக்குச் சற்று மேல். பாப்பா ரொம்ப நேரம் தூக்கிப் பிடித்தால் கை வலிக்கும். பின்னால் ஸ்டாண்ட் இருக்கிறது, தரையிலோ மேசையிலோ நிறுத்தி ஆடச் சொல்லுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இந்த மெஷின் உங்களுக்குச் சாதகம். பிளேஸ்டேஷன் 5 போன்றவை கரண்ட் போன நொடியில் அணைந்துவிடும். திரும்பப் போடும்போது ஸ்டோரேஜைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும். ஸ்விட்ச்சுக்கு உள்ளேயே பேட்டரி. டிவி அணைந்தாலும் டாக்கிலிருந்து எடுத்துக் கையில் தொடரலாம். பேட்டரி இரண்டு மணி நேரம் முதல் ஆறரை மணி நேரம் வரை தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. பெரிய ஆட்டங்களுக்கு அதில் கீழ்க்கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

அமெரிக்க சார்ஜர் நம் 230 வோல்ட்டுக்கு எரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவையே இல்லை. தட்டை முள்ளுக்கு நல்ல கன்வெர்ஷன் பிளக் ஒன்று போதும். மலிவு பிளக்கில் முள் ஆடும், ஆடினால் பொறி வரும், பொறியில்தான் சார்ஜர் போகும். திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனதும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். அக்கம்பக்கத்துத் தறியெல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும் அந்த நேரம்தான் வோல்டேஜ் தாறுமாறாக இருக்கும்.

உங்கள் வீட்டில் நான் நிஜமாகப் பயப்படுவது பஞ்சுக்கு. தறிக்குடோனை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் எந்த மெஷினைத் திறந்தாலும் ஃபேனைச் சுற்றிப் பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். வெறும் தூசி என்றால் உதிர்ந்துவிடும், பஞ்சு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். காற்று போகாமல் உள்ளே சூடு ஏறி மெஷின் தானாக அணையும், அப்புறம் ஒருநாள் எழாது. ஸ்விட்ச் 2 பின்பக்கம் காற்றை இழுத்து மேல்பக்கம் விடுகிறது. டாக்கிலும் ஒரு ஃபேன் இருக்கிறது. ஆகவே குடோனுக்குள் கொண்டுபோகவே விடாதீர்கள். ஆடி முடித்தால் மூடி போட்ட டப்பாவில் வைக்கட்டும். டாக்கின்மேல் ஒரு துணி போடுங்கள், ஆடும்போது மட்டும் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை, அணைத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அந்தத் துளைகளைத் துடைத்தால் போதும். குடோனில் தறிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் குழாயை இதற்கு மட்டும் பிடித்துவிடாதீர்கள். ஃபேன் இறக்கை உடைந்துவிடும்.

வெயிலும் உண்டு. 5 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது நின்டெண்டோ. மே லீவில் அமுச்சி வீடு அந்தியூர், பவானிப் பக்கம் என்றால் மதியம் 40-ஐத் தொடும். ஓட்டு வீட்டுத் திண்ணையில் மதியம் ஆட வேண்டாம். காலையிலும் பொழுது சாய்ந்தும் ஆடட்டும்.

காசுக்கு வருகிறேன். வெளியானபோது அமெரிக்க விலை 449.99 டாலர், டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம் தனி. இது ஒருமுறைச் செலவு. திரும்பத் திரும்ப வருவது ஆட்டத்தின் விலைதான். மாரியோ கார்ட் வேர்ல்ட் 79.99 டாலருக்கு வந்தது. அதனால் டவுன்லோடாக வாங்காமல், மெஷினில் செருகும் கார்ட்ரிட்ஜாகவே வாங்கச் சொல்லுங்கள். ஆடி முடித்தால் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்விட்ச் ஆட்டங்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடும், அவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அட்டையில் 'கேம்-கீ கார்டு' என்று போட்டிருந்தால் உள்ளே ஆட்டம் இருக்காது, சாவி மட்டுமே; முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். மெஷினில் 256 ஜிபி இடம் உண்டு. கூடுதல் இடம் வேண்டுமென்றால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும், போனில் போடும் சாதா கார்டில் ஆட்டத்தை ஏற்ற முடியாது.

தம்பிக்குக் காத்திருக்காமல் இங்கேயே வாங்கலாமே என்று தோன்றினால், ஒரு எச்சரிக்கை. இறக்குமதிக் கடைகளில் விலை குறைவாகத் தெரிந்தால் பெட்டி ஜப்பான் பதிப்பா என்று பாருங்கள். 49,980 யென்னுக்கு அங்கே வெளியான பதிப்பில் மெனு முழுக்க ஜப்பானிய மொழி மட்டும்தான், மாற்ற வழியில்லை.

நம் நாட்டில் நின்டெண்டோவுக்குச் சொந்த சர்வீஸ் கிடையாது. மெஷின்களைப் பிரித்துச் சோதிக்கும் ஐஃபிக்ஸிட் தளம் இதன் பழுதுபார்க்கும் வசதிக்கு 10-க்கு 3 மதிப்பெண்தான் கொடுத்தது. பேட்டரியைப் பசையில் அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பேட்டரி நாள்பட உழைக்க, செட்டிங்ஸில் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். திரைமேல் ஒரு மெல்லிய ஃபிலிம் இருக்கும், கண்ணாடி உடைந்தால் சிதறாமல் காக்க வைத்தது, உரிக்கக் கூடாது. அதன்மேலேயே டெம்பர்டு கிளாஸ் ஒட்டுங்கள்.

பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவரத்தான் தம்பிக்கு ஆசையாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு வருட வாரண்டி அங்கேதான் செல்லும். வாங்கிய அன்றே திறந்து, சிஸ்டம் அப்டேட் போட்டு, திரையில் புள்ளி இருக்கிறதா, இரண்டு ஜாய்-கான் ஸ்டிக்கும் கை வைக்காமலே நகர்கின்றனவா என்று ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கட்டும். தேய்மானம் குறைந்த காந்த வகை ஸ்டிக்கை இதில் வைக்கவில்லை என்பதால் அதை அவசியம் பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் கடையிலேயே மாற்றிக்கொண்டு விமானம் ஏறலாம்.