மாதாமாதம் வாங்கும் மாத்திரைச் செலவைக் குறைப்பது எப்படி? மருந்தாளுநர் பதில்கள்

மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற மருந்தாளுநர் நான், மருத்துவர் அல்லன். ஆகவே எந்த மருந்தைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்று இங்கே ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். மருத்துவர் எழுதிய அதே மருந்தைக் குறைந்த பணத்தில் பெறுவது பற்றி மட்டுமே பேசுகிறேன்.

கேள்வி (திருமங்கலம்): என் கணவருக்குச் சர்க்கரையும் இதய நோயும் உண்டு. ஐந்து மாத்திரைகளுக்கு மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மக்கள் மருந்தகத்தில் வாங்கலாம் என்றால், அந்த மாத்திரையில் பவர் இருக்காது என்கிறார்கள். உண்மையா?

அம்மா, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில், மில்லிகிராம் அளவோடு சேர்த்து அச்சிட்டிருப்பதுதான் மருந்தின் மூலப்பெயர். உடலுக்குள் போய் வேலை செய்வது அந்தச் சிறிய எழுத்து. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெரிய எழுத்துக்குப் போகிறது. ஐந்து அட்டைகளிலும் உள்ள மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செலவைக் குறைக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

‘ஜன் ஔஷதி’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் மக்கள் மருந்தகங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்புத் தரச் சான்று பெற்ற ஆலைகளிடமிருந்தே கொள்முதல் செய்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்கு அனுப்புகிறார்கள். விலை, கம்பெனிப் பெயர் மருந்துகளைவிட 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு 1000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்துகள், அதாவது மூலப்பெயரிலேயே விற்பவை, கிடைக்கின்றன. ஒரு கடையில் இல்லாதது மற்றொன்றில் இருக்கும் என்பதால் இரண்டையும் விசாரியுங்கள். அலைய முடியாதவர்கள் கைப்பேசியில் ‘ஜன் ஔஷதி சுகம்’ என்ற செயலியில் மூலப்பெயரைத் தட்டினால் விலையும் அருகிலுள்ள கடையும் தெரியும்.

நீங்கள் அனுப்பிய சீட்டில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரே கம்பெனியின் காப்புரிமையில் இருந்தது. ஒரு மாத்திரை அறுபது ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தவுடன் பல இந்தியக் கம்பெனிகள் அதைத் தயாரிக்கத் தொடங்கின. பத்து ரூபாய்க்கும் குறைவான விலையில்கூட இன்று அது கிடைக்கிறது. பழைய சீட்டையே நீட்டி வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி எட்டாமலே போய்விடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, “இந்த மருந்துக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதா?” என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.

இதில் ஒரு முக்கியமான தடை உண்டு. மருத்துவர் சீட்டில் ஒரு கம்பெனிப் பெயரை எழுதியிருந்தால், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய அட்டவணை எச் மருந்துகளில் அதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாக மாற்றித் தர 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. கடைக்காரரிடம் வாதாடுவதால் பயன் இல்லை. சீட்டிலேயே மூலப்பெயர் இருக்க வேண்டும். அதை எழுதித் தரக்கூடியவர் மருத்துவர் மட்டுமே.

கேள்வி (மேலூர்): அம்மாவுக்குத் தைராய்டும் வலிப்பும் உண்டு. அவருக்கும் இப்படி மாற்றிவிடலாமா?

இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள், தம்பி. வலிப்புக்கான பெனிடாயின், தைராய்டுக்கான லெவோதைராக்சின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் உண்ணும் டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் போதுமான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கம்பெனி மாறும்போது உடலில் சேரும் அளவு சிறிது மாறினாலும் இவற்றில் அது வெளியே தெரிந்துவிடும். மாற்றவே கூடாது என்பதில்லை. மருத்துவருக்குத் தெரிந்து, ஒரு முறை மாற்றி, பிறகு அதிலேயே நிலைத்திருக்க வேண்டும். தைராய்டு மாத்திரையை மாற்றினால் ஆறு வாரம் கழித்து, அளவு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு கம்பெனி என்று எது மலிவோ அதை வாங்குவது இந்த மருந்துகளுக்கு ஆகாது.

கேள்வி (செல்லூர்): தறி வேலை குறைந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறேன். தவறா?

ஐயா, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. என் ஜன்னலுக்கு ஓர் அம்மா வருவார். ஒருநாள் அவர் பையிலிருந்து எடுத்த அட்டையில் ஒரு குழி காலியாகவும் அடுத்த குழி நிறைந்தும், சோழி பரப்பியதுபோல் மாறி மாறி இருந்தது. நாள் தவறக் கூடாது என்பதற்காக, அடுத்து எடுக்க வேண்டிய குழியில் பேனாவால் புள்ளி வைத்திருந்தார். அவ்வளவு கவனமாக இருந்தவருக்கு அரை மருந்துதான் போய்ச் சேர்ந்தது. பக்கவாதம் வந்த பிறகுதான், அது பணத்துக்காகச் செய்த சிக்கனம் என்று அவருடைய மகன் வந்து சொன்னார். அன்று அந்த அட்டையைக் கண்டும் நான் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

நீங்கள் மருந்தைக் குறைக்க வேண்டியதே இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் உரிய மாத்திரைகளும், தேவைப்படுவோர்க்கு இன்சுலினும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆரம்ப சுகாதார நிலையம் முதல் நம் பெரியாஸ்பத்திரி வரை அனுப்பி வைக்கிறது. தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களும் பழைய சீட்டுடன் உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குச் சென்று பதிவு செய்துகொள்ளலாம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. தனியாரில் எழுதிய அதே கம்பெனி மாத்திரை அங்கே இருக்காது. அங்குள்ள மருத்துவர் இருப்பதற்கேற்ப எழுதித் தருவார். மாறிய பிறகு இரண்டு மூன்று முறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை உடைப்பது பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். நடுவில் கோடு உள்ள மாத்திரையை, மருத்துவர் சம்மதித்தால், இருமடங்கு அளவில் வாங்கிப் பாதியாக்கிக்கொள்வது செலவைக் குறைக்கும். ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருப்பவை மெதுவாகக் கரையும்படி செய்தவை. அவற்றை நீங்களாக உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடலாம்.

கேள்வி (சோழவந்தான்): அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். நிலத்தை விற்கத்தான் வேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி, விற்பதற்கு முன் இதைப் படியுங்கள். இந்த மாத்திரையின் கம்பெனி வடிவத்துக்கு ஒரு காலத்தில் மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. ஜெனரிக் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. அந்தக் கம்பெனியின் காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால்தான் இந்தியக் கம்பெனிகள் தடையின்றித் தயாரிக்க முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, சொராஃபெனிப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை இருக்கும்போதே வேறு கம்பெனி தயாரிக்கும் அனுமதி, வழங்கப்பட்டபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த விலை 8,880 ஆனது. புற்றுநோய் மருந்து என்ற பெயரைக் கேட்டவுடன், சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வி.ஏ.ஓ. பரிந்துரையுடன் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அன்றாடம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அட்டை செல்லாது. அங்கீகரித்த மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கே செல்லும். ஆகவே பாலரெங்காபுரத்தில் உள்ள அரசுப் புற்றுநோய் மையத்தில் அண்ணனைக் காட்டி, இந்த மாத்திரையை அங்கேயே வழங்க வழி உண்டா என்று நேரில் கேளுங்கள். சில கம்பெனிகள் தாங்களே நோயாளி உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்பதால், அவரிடமே விசாரியுங்கள்.

கேள்வி (அவனியாபுரம்): தனியார் மருத்துவமனையில், உள்ளே இருக்கும் கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள்.

மருந்தை எங்கே வாங்குவது என்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைப் பட்டயம் சொல்கிறது. வெளியே வாங்கி வருகிறோம் என்று பணிவாகச் சொல்லுங்கள். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தில் புகார் செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அந்த வரியையும் பாருங்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): மில் வேலை, மாதச் சம்பளம் 18,000. எனக்கு ஏதாவது உண்டா?

சம்பளம் 21,000-க்குள் இருப்பதால், உங்கள் மில் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றிருந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் அங்கேயே மருந்து கிடைக்கும். உங்கள் சம்பளச் சீட்டில் 0.75 சதவீதப் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு நேராகப் போவதற்கு முன், உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் (டிஸ்பென்சரி) பரிந்துரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பெரும்பாலோர் கோபிப்பதில்லை. நோயாளியால் இயலாது என்பது தெரியாமல்தான் பலரும் எழுதுகிறார்கள். வெளியே வந்து கடையில் விலை கேட்டுத் திகைப்பதற்குப் பதிலாக, அறைக்குள் இருக்கும்போதே, அவர் சீட்டில் பேனாவை வைக்கும் முன்பே, இப்படிச் சொல்லுங்கள்: “ஐயா, மாதம் இவ்வளவு ரூபாய்தான் என்னால் முடியும். மூலப்பெயரிலேயே எழுதித் தாருங்கள். இவற்றில் எது விடவே கூடாதது, எதைக் குறைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.” ‘இவ்வளவு’ என்ற இடத்தில் உண்மையான தொகையைச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரைகளின் மூலப்பெயர்களை எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துத் திருத்த அதில் கொஞ்சம் இடம் விட்டு எழுதிக் கொண்டுபோங்கள்.