வீட்டுக்காரர் பெயருக்கு வரும் தபால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு வருடங்களாக வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில் வசிக்கிறார். நாங்கள் அவரை அங்கிள் என்றே அழைப்போம். வங்கி, மாநகர சபை, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்று பல இடங்களிலிருந்து அவருடைய பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. "எடுத்து வையுங்கோ, வரேக்க பார்க்கிறன்" என்று அவர் சொன்னபடி எல்லாவற்றையும் ஓர் இலாச்சியில் போட்டு வைத்தோம். சென்ற மாதம் வந்தவர், தவணை கடந்துபோன கடிதம் ஒன்றைக் கண்டு எங்களைக் கடிந்துகொண்டார். பதிவுத் தபாலுக்கு நான் கையொப்பமிட்டதையும் குறை சொன்னார். எங்கள் மீது தவறா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: அவர் சொன்னதையே நீங்கள் செய்திருக்கிறீர்கள், ஆகவே அந்தக் கோபம் உங்களுக்கு உரியதல்ல. ஆனாலும் "எடுத்து வையுங்கோ" என்ற அந்த ஏற்பாட்டை நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்பதை அன்போடு சொல்லவேண்டியிருக்கிறது. கடிதம் இலாச்சிக்குள் கிடந்தாலும் அதில் குறித்த தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வரி மதிப்பீடு ஒன்றை ஏற்காதவர் அது அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் மீளாய்வைக் கோரவேண்டும். கொழும்பு மாநகர சபைக்கு வீடு, காணிக்காகச் செலுத்தும் சோலைவரியை, ஆண்டு முழுமைக்குமாக ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் செலுத்துவோருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு. பட்டியல் பெப்ரவரியில் கண்ணில் பட்டால் அந்தக் கழிவு போனதுதான். வங்கியின் பதிவுத் தபால் இவை இரண்டையும்விடப் பாரதூரமானதாக இருக்கக்கூடும். வீட்டை ஈடு வைத்துப் பெற்ற கடன் நிலுவையில் நின்றால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அந்த ஆதனத்தை ஏலத்தில் விற்பதற்கு வங்கிக்கு வழி இருக்கிறது. அந்த வீட்டில் சமைத்து உண்டு உறங்குபவர்கள் நீங்கள் என்பதால், அப்படிப்பட்ட கடிதம் அவரிடம் உடனே போய்ச் சேர்வது உங்களுக்கும் தேவையானதே.

பதிவுத் தபாலுக்குக் கையொப்பமிட வேண்டிய கடப்பாடு உங்களுக்கு இல்லை. நீங்கள் கையொப்பமிட்டால், அந்தக் கடிதம் அந்த வீட்டில் ஒப்படைக்கப்பட்டது என்று தபாலகத்தின் பதிவு சொல்லும். பின்னர் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று அங்கிள் எழுதினால், கேள்வி உங்களிடமே திரும்பி வரும். எனவே, அவர் எழுத்தில் கேட்டுக்கொண்டிருந்தாலன்றிக் கையொப்பமிடாதீர்கள். "சொந்தக்காரர் இங்கே குடியிருப்பதில்லை, வெளிநாட்டில் இருக்கிறார்" என்று தபால்காரரிடம் சொன்னால் போதும். அனுப்பியவர்களுக்கும் உண்மை நிலை தெரியவரும். அவருடைய சம்மதத்துடன் கையொப்பமிடுவதானால், உங்கள் சொந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் "வாடகைக் குடியிருப்பாளர்" என்றும் குறியுங்கள்.

சாதாரணத் தபாலுக்கு நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். தெகிவளையில் வாடகைக்கு இருந்த காலத்தில், கடிதம் வந்த அன்றே உறையின் பின்புறத்தில் பென்சிலால் திகதி போட்டு, முன்பக்கத்தையும் ஒட்டிய வாயையும் படம் பிடித்து, மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். ஒட்டிய வாயைப் படம் பிடிக்கும் பழக்கம் ஒரு மனவருத்தத்துக்குப் பிறகு வந்தது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றின் ஈரத்தால் பசை இளகி, யாரும் தொடாமலே உறை வாய் திறந்துவிடும். அப்படித் திறந்து கிடந்த உறையொன்றைக் கண்ட வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் எங்களோடு பழைய முகத்துடன் பேசவும் இல்லை. கடிதங்களை வாய் கட்டிய பொலித்தீன் பைக்குள் வையுங்கள். சிறிய கொப்பி ஒன்றில் திகதியையும், உறையில் உள்ள அனுப்புநர் பெயரையும் எழுதி, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அவருடைய அற்றோர்ணித் தத்துவம் (அவருக்குப் பதிலாகச் செயற்படும் எழுத்து அதிகாரம்) பெற்றவரிடமோ அவர் எழுத்தில் குறிப்பிடும் உறவினரிடமோ ஒப்படைத்து, அந்தக் கொப்பியிலேயே கையொப்பம் வாங்குங்கள்.

இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடுகளே. வங்கியிலும் திணைக்களத்திலும் முகவரியை மாற்றவேண்டியவரும், தமது தபாலை வேறிடத்துக்குத் திருப்புவது பற்றி உங்கள் பகுதித் தபாலதிபருக்கு எழுதவேண்டியவரும் அவர்தான். அவருக்குப் பதிலாக நீங்கள் அதைச் செய்ய முடியாது. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, தபாலை யார், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பெற்றுக்கொள்வது என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கார ஐயா லண்டனில் இருக்கிறார். வரும் கடிதங்களை உடைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்கிறார். செய்யலாமா? பெரும்பாலானவை சிங்களத்தில் இருப்பதால் எங்களுக்கு முழுமையாக விளங்குவதுமில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அவருடைய சம்மதம் குறுஞ்செய்தியாகவாவது இருக்குமானால் செய்யலாம், தொலைபேசியில் வாயால் சொன்னது போதாது. இந்நாட்டில் தபாலுக்கென 1908ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பிறருக்குரிய கடிதத்தை மறைப்பதும் மறித்து வைப்பதும் விளையாட்டான காரியமல்ல. பொதுச் சம்மதம் ஒன்றைப் பெற்றுவிட்டு எல்லாவற்றையும் உடைப்பதைவிட, மூடிய உறையின் படத்தை முதலில் அனுப்பி, "இதை உடைக்கலாமா?" என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே கேட்பதையே நான் விரும்புவேன். தடவிப் பார்க்கும்போது உள்ளே கடினமான அட்டை தட்டுப்பட்டால், அது வங்கி அட்டையாக இருக்கலாம். அதை அவர் சொன்னாலும் உடைக்காதீர்கள்; இரகசிய இலக்கம் வரும் உறையும் அப்படியே. பின்னாளில் அவருடைய கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சந்தேகத்தின் நிழல் உங்கள் வாசலில்தான் விழும்.

விளங்காத கடிதத்தின் சாரத்தை ஊகித்துச் சொல்லாமல், எல்லாப் பக்கங்களையும் இருபுறமும் படம் எடுத்து அனுப்புங்கள். தவணைத் திகதி பெரும்பாலும் கடைசிப் பந்தியிலோ பின்புறத்துச் சிறிய எழுத்திலோ இருக்கும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி என்பதால், தமக்குத் தமிழில் எழுதும்படி திணைக்களங்களைக் கேட்கும் உரிமை ஐயாவுக்கு உண்டு. அதை அவர் பயன்படுத்தவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்து அனெக்ஸில் இருக்கிறோம். மேல்மாடியில் வீட்டுக்கார அன்ரி. இரு வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டி; எங்கள் கடிதங்கள் நாட்கள் கழித்தே கிடைக்கின்றன. இந்த முகவரியில் வாக்காளராகப் பதியவும் அவர் விடுகிறார் இல்லை.
– வாசகி, கொழும்பு 4

பதில்: தபால் பெட்டிக்கு வழி எளிது. உங்கள் பெயரையும் "கீழ்த்தளம்" என்பதையும் தெளிவாக எழுதிய தனிப் பெட்டி ஒன்றைக் கேற்றில் பொருத்த அனுமதி கேளுங்கள். உங்களுக்கு எழுதுவோரிடமும் முகவரியில் "கீழ்த்தளம்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். தபால்காரரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர் பிரித்துப் போடுவார்.

வாக்காளர் பதிவைத்தான் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டம் பார்ப்பது ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதை. வீடு யாருடையது என்பதை அல்ல. அன்ரியின் மனதில் இருப்பது, பெயர் பதிந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். கொழும்பில் பல வீட்டுக்காரர்களிடம் அந்தப் பயத்தைக் கண்டிருக்கிறேன். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது வீட்டின் மீது உரித்து எதையும் தருவதில்லை என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகும் இணங்காவிட்டால், வாடகை ஒப்பந்தத்தின் பிரதியுடன் கிராம உத்தியோகத்தரை நேரில் சந்தியுங்கள்.

கேள்வி: முன்பு இருந்த வாடகைக்காரர்களின் கடிதங்கள் இன்னும் வருகின்றன. குப்பையில் போடலாமா?
– வாசகர், மருதானை

பதில்: போடவேண்டாம். உறையின் மேல் "இம்முகவரியில் இல்லை" என்று எழுதி, உடைக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆட்கள் எங்கே போனார்கள் என்று தெரிந்தால், உறையை அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.